முதலில் பார்த்தவள்

எட்டுப் புத்தகங்களும் என்னிடம் இருக்கின்றன.
தேவாலயத்து நிலவறை விற்பனையில், ஒன்று ஒரு டொலர்.
இங்கிலிஷ் பழகலாம் என்று வாங்கியவை.
இப்போது ஆர்சினோ இல்லாமல் எனக்கு நித்திரை வராது.

இன்ஸ்பெக்டர் ஆர்சினோ.
வேறு யாராவது என்றால் கதவை உதைத்திருப்பார்கள்.
இவர் ஹலிஃபக்ஸ் துறைமுகத்தில் போய் நிற்பார்,
ஆறிய தேநீரோடு.
மூடுபனிக்குச் சங்கு ஊதும்.
டார்ட்மத் படகு அக்கரைக்குப் போய்த் திரும்பும்,
இன்னொருமுறை போகும்.
யோசித்துக்கொண்டே இருப்பார்.
மூன்றாம் புத்தகத்தில் பதினாறு பக்கம் யோசிக்கிறார்.
அந்தப் பதினாறு பக்கத்துக்குள்
நான் ஒரு அறையை முடித்துவிடுவேன்,
குளியல் தொட்டியும் சேர்த்து.

குறை சொல்லவில்லை.
யோசிக்கிற பொலிசை
நான் வேறெங்கும் வாசித்ததில்லை. கண்டதும் இல்லை.

ஆனால் ஒன்று.
எட்டில் ஐந்து புத்தகத்தில்
பிணத்தை முதலில் பார்ப்பவள் ஒரு துப்புரவுக்காரி.
ஒருத்திக்கும் பெயர் கிடையாது.
கதவைத் திறக்கிறாள், வாளி விழுகிறது,
வீரிட்டு அலறுகிறாள்.
அடுத்த பத்தியில் ஆர்சினோ வந்துவிடுகிறார்.
அவள் எங்கே போனாள்,
யார் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்,
மிச்ச அறைகளை யார் செய்தார்கள்?
எழுதியவருக்கே தெரியாது.
வாளி வேறு! பதினைந்து வருசமாக
நாங்கள் வண்டில்தான் தள்ளுகிறோம்.

நான் அலறவில்லை.

அறுநூற்றுப் பதினான்கு. ஒக்டோபர், வியாழக்கிழமை.
இரண்டுதரம் தட்டி, 'ஹவுஸ்கீப்பிங்' என்று சொல்லித்
திறந்தேன்.
கதிரையில் இருந்தார். எழுபது வயது இருக்கும்.
ஒரு காலில் சப்பாத்து.
மற்றது கையில், கயிறு தொங்க.
சேட்டின் மூன்றாவது பொத்தான்
கறுப்பு நூலால் தைத்திருந்தது,
மற்றதெல்லாம் வெள்ளை.
குளியலறையில் சுடுதண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.
போய்க் குழாயைப் பூட்டினேன்.
கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைக்கப் போன கையை
இழுத்துக்கொண்டேன்.

கட்டிலைப் பார்த்தபோதுதான் நெஞ்சு அடைத்தது.
அவரே விரித்திருந்தார்.
மூலையைக் கடித உறைபோல மடித்து,
நான் மடிப்பதைவிட நேராக.
தலையணையில் ஐந்து டொலர்த் தாள்.
யாருக்கு என்று எழுதவில்லை.
எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

வந்த பொலிஸ் பொடியன் நல்லவன்தான்.
பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன், புவனலோஜினி.
'லோ' வரை வந்து பேனையை எடுத்துவிட்டான்.
"எதையாவது தொட்டீங்களா?"
இல்லை என்றேன்.
எழுதிக்கொண்டான்.
மாரடைப்பு, வழக்கில்லை.
பதினொன்றேகாலுக்கு நான் அறுநூற்றுப் பதினைந்தில்,
ஏப்ரன் பையில் ஐந்து டொலர்.

ஆர்சினோ என்றால் விட்டிருக்கமாட்டார்.
படகுத்துறையில் நின்று யோசித்திருப்பார்:
கண்ணாடி முழுக்க ஆவி, குழாய் மட்டும் பூட்டியிருக்கிறது.
இறந்தவன் எழுந்துபோய்த் தண்ணீரை நிறுத்துவானா?
இருநூற்றுப் பதினோராம் பக்கமளவில்
என் சமையலறைக்கே வந்து,
நான் ஊற்றிய தேநீரை ஆறவிட்டு,
ஒன்றும் கேட்காமல் இருந்திருப்பார்.
அப்படி இருந்தால் யார்தான் சொல்லமாட்டார்கள்?
காசை மேசையில் வைத்திருப்பேன்.
பொத்தானைப் பற்றியும் சொல்லியிருப்பேன்.
வெள்ளை நூல் எந்த லாச்சியில் என்று தெரிந்தவள்
அந்த வீட்டில் இப்போது இல்லை, சேர்.
அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

நாலு வருசம். ஒருவரும் வரவில்லை.
தாள் எட்டாம் புத்தகத்துக்குள் கிடக்கிறது,
வாசித்த இடம் தவறாமல் இருக்க.

நேற்று வேலை முடிந்து வந்து, காலைக் கழுவாமலே,
பென்சில் எடுத்து ஒரு சொல்லை வெட்டினேன்.
'அலறினாள்' இருந்த இடத்துக்கு மேலே
தமிழில், சின்னதாக:
தண்ணீரைப் பூட்டினாள்.

பக்கத்தைப் புரட்டினேன்.
ஆர்சினோ இன்னும் கடலைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.