அறுபது நொடிக்கு ஒருமுறை

முதலில் கடலைத்தான் சந்தேகப்பட்டேன்.
காசிமேட்டில் எது கெட்டாலும்
உப்புக்காற்றின் மேல்தான் முதல் வழக்கு.
மைக் ஒயரின் இரண்டு முனையையும்
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.
பஞ்சு கறுத்தது.
பாட்டு அப்படியேதான் அறுந்தது.

அமலோற்பவம் காலையில் இறால் உரிக்கிறவள்.
ஐஸில் மரத்த விரல்களை
ராத்திரியிலும் அக்குளில் செருகிக்கொண்டுதான் பாடுவாள்.
கரைக்கு வந்தப்புறந்தான் கணக்கே ஆரம்பம்
என்பது அவளே கட்டிய வரி.
கம்ப்யூட்டருக்குள் போய் வெளியே வந்தபோது அது
கரைக்கு வந்தப்        க்கே ஆரம்பம்
என்று இருந்தது.

திரையில் அலை, அலை, அலை,
நடுவே பிளேடு வைத்தாற்போல் ஒரு தட்டையான கோடு.
அதை மௌனம் என்று சொல்ல முடியாது.
மௌனத்தில் ஃபேன் கேட்கும்,
கீழ்வீட்டில் குடம் வைப்பது கேட்கும்,
துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும் டிரெய்லர்
பெருமூச்சு விடுவது கேட்கும்.
இதில் யாருமே இல்லை.

பஃபரை ஏற்றிப் பார்த்தேன்.
நூற்றிருபத்தெட்டு, அதன் இரட்டிப்பு, இரட்டிப்பின் இரட்டிப்பு,
ஆயிரத்து இருபத்துநான்கில் கீறல் அடங்கியது.
ஆனால் ஹெட்போனில் அவள் குரல்
அவளுக்கே லேட்டாகப் போய்ச் சேர்ந்தது.
"இன்னாண்ணா, என் பின்னாடியே
எவளோ ஒருத்தி பாடிக்கினு வரா?"
அந்த ஒருத்திக்காகக் காத்திருந்து
தாளத்தை விட்டாள்.
சிரித்தாள். மறுபடி விட்டாள். அப்புறம் சிரிக்கவில்லை.

பழைய எண்ணுக்கே இறக்கினேன்.
ஆன்ட்டிவைரஸைத் தூங்க வைத்தேன்.
யுஎஸ்பியை இடப்பக்கத் துளைக்கு மாற்றினேன்.
பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினேன்,
காலையில் பால் திரிந்ததற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்,
அது வேறு கதை.

கண்டுபிடித்தது நானல்ல.
"நிமிசத்துக்கு ஒருவாட்டி அறுக்குது, பாத்துக்கோ"
என்றாள், சுவர்க்கடிகாரத்தைத் தாடையால் காட்டி.
கிலோவுக்கு இத்தனை தலை என்று எண்ணி எண்ணி
எதையும் எண்ணாமல் இருக்க முடியாத பெண்.

நிமிடத்துக்கு ஒருமுறை.
அப்படியென்றால் உப்பு இல்லை, ஒயர் இல்லை.
உள்ளே யாரோ டூட்டி பார்க்கிறார்கள்.

வை-ஃபை.
எதிலும் சேராமல் சும்மா கிடப்பதாக நினைத்தேன்.
அது அறுபது நொடிக்கு ஒருமுறை
எல்லா வேலையையும் போட்டுவிட்டு
வாசலுக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டுக்கொண்டிருந்தது:
குல்சார்_ஐந்தாம்வீடு, குல்சார்_ஐந்தாம்வீடு.

குல்சார் போய் ஒன்றரை வருடம்.
பழைய பிளாக்கை இடிப்பதாகச் சொல்லி
பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடி கொடுத்தார்கள்.
பாஸ்வேர்டு அவனுடைய குட்டியானையின் நம்பர்.
அதற்கு வாடகையாக
அவன் மகளின் லேப்டாப்புக்கு நான் இரண்டு முறை
விண்டோஸ் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன்.

'இந்த நெட்வொர்க்கை மற' என்று ஒரு பட்டன் இருந்தது.
மனசு வரவில்லை என்று சொன்னால்
கேட்க நன்றாக இருக்கும்.
மணி பன்னிரண்டே முக்கால், அவளுக்கு நாலு மணிக்கு ஷெட்.
மொத்தமாக வை-ஃபையை அணைத்தேன்.

பாடினாள்.
மூன்று நிமிடம் நாற்பது நொடி.
கோடு விழவில்லை.
இரண்டாம் சரணத்தில் கொருக்குப்பேட்டைப் பக்கம்
கூட்ஸ் ஒன்று நீளமாக ஊதியது,
அவள் கண்ணைத் திறக்காமல்
அது முடிகிற வரைக்கும் அந்த "கரை"யை இழுத்துப் பிடித்தாள்.
ஊதல் முழுசாக விழுந்திருக்கிறது, எடுக்கப் போவதில்லை.

"எனக்கு இப்பவே அனுப்பு,
ஷெட்ல போட்டுக் காட்டணும்"
என்று செருப்பைத் தேடினாள்.

அனுப்புவதற்கு என் போனிலிருந்து நெட் எடுக்க வேண்டும்.
வை-ஃபையைப் போட்டேன்.
ஒரு சின்ன வட்டம் சுற்றியது.
என் போனைப் பார்ப்பதற்கு முன்னால்
அது முதலில் ஐந்தாம் வீட்டுக்குத்தான் போயிற்று.