மாரத்தஹள்ளியில் ஒரு வீக்லி ஆஃப்

விடியற்காலை மூன்று பதினேழு. வெள்ளை வெளிச்சம்.
கட்டிலோடு சேர்த்துத் தைத்த மாதிரி நான்.
சாம்பல் நிறத்தில் மூன்று பேர்,
இமையில்லாத கண்கள்.
தூக்கிக்கொண்டு போனார்கள் என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை.
மூளை முழித்துக்கொண்டது, உடம்பு முழிக்கவில்லை,
அவ்வளவுதான் ஜெபக்கனி.
நைட் ஷிப்ட் எத்தனை மாதமாக?
இனி ஒருக்களித்துப் படுங்கள்.

ஊரில் இதற்கு அமுக்குவான் என்று பேர்.
அதற்கு முகம் கிடையாது.
முகம் என் போனிலிருந்து வந்திருக்கும்;
வெளிச்சம், எதிரே
மெட்ரோ தூணுக்குக் கம்பி கட்டுகிறவர்களுடையது.

எல்லாம் சரி டாக்டர்.
ஆனால் அவர்கள்
என் உள்ளங்கையைத் திருப்பி
இஸ்திரிப்பெட்டி சுட்ட இடத்தைப் பார்த்தார்கள்.
வலிக்குதா என்றார்கள்,
தமிழில்.

பிஜியில் அறைக்கு ஆறு பேர்.
நான் போய்வந்த காலையில்
காணாமல்போன பக்கெட்டைத்தான் தேடினார்கள்.

மாத்திரை அட்டையை இன்னும் பிரிக்கவில்லை.
மல்லாந்தே படுக்கிறேன்.