ளகரப் பிழை

அரையாண்டு விடைத்தாள் கொடுத்து முடித்து
பொங்கலுக்கு முந்தின வாரம் பெற்றோர் கூட்டம்.
கையெழுத்துப் போட வந்தவர்கள்
போட்டுவிட்டுப் போனார்கள்.
ஒருவர் என் கண் முன்னாலேயே மகனை அறைந்தார்.
"தோலை உரிங்க டீச்சர், கண்ணை மட்டும் விட்ருங்க" என்று
இன்னும் சொல்கிறவர்கள் இரண்டு பேர்.

காசிமாயன் மத்தியானம் வந்தார்.
மேலூர் நான்குவழிச் சாலையில் எடைமேடையில் வேலை.
அரைநாள் சம்பளம் போயிருக்கும்.
புருவத்தில் கிரானைட் தூசி.
மடிக்காமல் கொண்டுவந்திருந்தார்
இரண்டு விடைத்தாள்களை.

ஒன்று அவர் மகள் கனிஷ்காவுடையது,
மற்றது அவள் தோழி ஹர்ஷவர்தினியுடையது.
பதினேழாம் கேள்வி: கானல்நீர் எப்படித் தோன்றுகிறது?
இருவரும் ஒரே நோட்டைப் படித்தவர்கள்.
வரிக்கு வரி அதே.
தார்ச்சாலை, லாரி, வளைகிற கோடு,
படமும் அதே.
'ஒளிவிலகள்' என்று
பிழைகூட அதே.

ஒரு தாளில் அந்த ள-வைச் சுற்றி
சிவப்பு வட்டம். மூன்று மார்க்.
இன்னொன்றில் வட்டம் இல்லை. ஐந்து.

"கூட்டிப் போட்டுத் தர்றேன்" என்று
பேனாவைத் திறந்தேன்.
இந்த மாதிரி விஷயங்கள் இப்படித்தான் முடியும்.
"அதுக்கு வரல டீச்சர்.
மூணு சரியா, அஞ்சு சரியா,
அதத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

எனக்கே தெரியவில்லை.
ஒரு கட்டை சனிக்கிழமை திருத்தினேன்,
மறு கட்டை ஞாயிறு ராத்திரி, தலைவலியோடு.
எது எந்தக் கட்டில் இருந்ததோ.
அவர் முதுகுக்குப் பின்னால் கனிஷ்கா
வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள்.
என் தாளைத் தொடாதீர்கள் என்றா,
அவளுக்குக் குறைக்காதீர்கள் என்றா,
நான் கேட்கவில்லை.

"மழைக்கு மறுநாள்
எங்க மேடையில சேறே நாப்பது கிலோ காட்டும்.
வழிச்சு விட்டுட்டுத்தான் அடுத்த வண்டிய ஏத்துவோம்" என்றார்.
உடனே கூசிப்போய்,
"உங்க வேலை எனக்குத் தெரியாது,
தப்பா எடுத்துக்காதீங்க."
மார்க் அட்டையில்
எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.
கா-வின் கால் கட்டத்தைத் தாண்டிப் போனது.

அவர் போனதும் கரண்ட் போனது.
ஆசிரியர் அறை ஃபேன் மெல்ல நின்றது.
மூன்று இறக்கையிலும்
'உபயம்: நாகசங்கர் ஹார்டுவேர்ஸ்'.
பெற்றோர் கழகப் பொருளாளர்,
ஹர்ஷவர்தினியின் அப்பா.
ஓடும்போது அந்த எழுத்து தெரியாது,
காற்று மட்டும் வரும்.

அவரை நினைத்தா ஐந்து போட்டேன்?
சத்தியமாக இல்லை.
நினைக்காமலே போட்டிருப்பேனோ என்பதுதான்
சாப்பிட விடவில்லை.

அன்றிரவு நாற்பத்துநான்கு தாள்.
பெயர் தெரியாமல் மேல் ஓரத்தை மடித்து,
கடைசியிலிருந்து முதலுக்கு,
பதினேழாம் கேள்வி மட்டும்.
முதலில் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டேன்:
அறிவியலில் ள-வுக்கு மார்க் குறைப்பதில்லை.
காற்றின் அடர்த்தியைச் சொல்லாவிட்டால்
ஒன்று குறையும், யாராக இருந்தாலும்.

பிரித்துப் பார்த்தால்
ஏழு பேருக்கு ஏறியிருந்தது.
மூன்று பேருக்கு இறங்கியிருந்தது.
அந்த இரண்டு தாள்களிலும் அடர்த்தி இல்லை.
இரண்டுக்கும் நான்கு.

மூன்றும் இல்லை, ஐந்தும் இல்லை காசிமாயன்,
இரண்டு முறையும் தப்பாகத்தான் நிறுத்திருக்கிறேன்.

இந்த ஒன்றில்
ஹர்ஷவர்தினியின் முதல் ரேங்க் போகிறது.
காலை இடைவேளையில் போன் வரும்.
"என்ன டீச்சர், ஒரு மார்க்குக்குப் போய்…" என்று
சிரித்தபடிதான் ஆரம்பிப்பார்.

ஃபேனை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும்.