மூன்று வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே

பசைநாடாவில் ஒட்டி, உரித்து, மறுபடி ஒட்டி
நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் சில்லாகும்வரை
டான்டலம் சல்ஃபைடை மெலியவைக்கிறாள் யிட்ஸ்கே.
குரோனிங்கனில் இன்று எட்டாம் நாளாக மழை.
ஹீலியம் நிரப்புவது மட்டும்தான் என் வேலை;
நான் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்வது அவள் வழக்கம்.

"பன்னிரண்டு அணுக்கள் ஒன்றைச் சூழ்ந்து
நட்சத்திரமாகக் குறுகிக்கொள்ளும், வீபே.
நடுவில் ஓர் எலெக்ட்ரான், தனியாக.
பக்கத்து நட்சத்திரத்திலும் அப்படியே ஒன்று.
யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை.
நம் ஊர் மாதிரி.
ஒரு காபிக்கு மூன்று வாரம் முன்பே நாள் குறிக்கணும்."

நான் சிரிக்கவில்லை.
என் மாடியில் பதினொரு கதவுகள்,
எதன் பின்னால் யார் என்று இன்னும் தெரியாது.

சில்லின் மேல் ஒரு சொட்டுக் கூழ், அதில் லித்தியம்.
கேட் அழுத்தத்தை ஏற்றுகிறாள்: ஒன்றரை. இரண்டு.
ஒன்றுமில்லை. இரண்டே கால். ஒன்றுமில்லை.
மதகைத் தூக்கும்போது முதலில் பலகைதான் முனகும்,
தண்ணீர் பிறகுதான்.
இரண்டே முக்காலில்
அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே,
எதுவும் எதையும் இறுகப் பிடிக்காத அந்த இடுக்கில்
அயனிகள் நுழைகின்றன.
ஒவ்வொன்றுக்கும் ஈடாக
கம்பி வழியே ஓர் எலெக்ட்ரான் வந்து சேர்கிறது.

திரையில் கோடு சரிகிறது.
நட்சத்திரங்கள் கலைகின்றன.
வாசலைத் தாண்டாதவை ஓடத் தொடங்குகின்றன.

"இப்போது குளிர்" என்றாள்.
கூழ் உறைய, அயனிகள் நுழைந்த இடத்திலேயே நிற்க,
நூறு கெல்வின், ஐம்பது, பத்து.
நான் வால்வைப் பார்த்தபடி.
மூன்றுக்குக் கீழே மின்தடை சுழியம்.
மானி பழுதோ என்று இரண்டு முறை தட்டினேன்.
சுழியமேதான்.

அதிகாலை நான்கு. அவள் கத்தவில்லை.
பையிலிருந்த சீஸ் ரொட்டியைப் பிய்த்து
பெரிய பாதியை நீட்டினாள்.

பிறகு சூடாக்கி, அழுத்தத்தைத் திருப்பி,
உள்ளே போனதை வெளியே இழுத்தோம்.
பெரும்பாலும் வந்தன. கணக்கில் கொஞ்சம் திரும்பவில்லை.
சில்லின் ஓரத்தில் மயிரிழை விரிசல்.
நட்சத்திரங்கள் மறுபடி கூடின, கொஞ்சம் கோணலாக.
'முதல் தடவை போல் இல்லை' என்று
குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதினாள்.

சைக்கிளில் நனைந்துகொண்டே வீடு வந்தேன்.
ஏழாம் கதவின் அடியில் வெளிச்சம்.
தட்டினேன்,
நாள் குறிக்காமல்.
உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது.