ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

புளியரை செக்போஸ்ட்டுக்கு நூறு அடி முன்னால்
இரண்டு முறை இருமி
நின்றுவிட்டது அறுபத்தொன்பதாம் வருஷத்து ஹெரால்டு.
ஆனிச் சாரல். இரவு பதினொன்றரை.
பின்னால் வைக்கோல் லாரி, சிமெண்ட் லாரி,
கோழிக் கூண்டுகளோடு ஒரு டெம்போ.
எல்லாருக்கும் அவசரம்.
கோழிகளுக்கு மட்டும் இல்லை.

தென்காசியில் மைதீன் பிச்சை
மூன்று நாள் வைத்திருந்து
பிளக் மாற்றினார், கண்டன்சர் மாற்றினார்,
பாயிண்ட்டை உப்புத்தாளில் தேய்த்து
தீப்பெட்டி அட்டை கனத்துக்கு இடைவெளி வைத்தார்.
வெயிலில் ஓட்டிப் பார்த்துத்
"தங்கம்" என்றார்.
வெயிலில் தங்கம்தான்.
வெயிலில் யார்தான் இல்லை.

முன்மூக்கு முழுவதையும் கவிழ்த்துத் திறந்தேன்.
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப்
புடவைத் தலைப்பால் துடைத்தேன்.
ரோட்டர் சரி. நடுக்கரி சரி, ஸ்பிரிங்கில் துள்ளுகிறது.
வயர்களை வரிசை பார்த்தேன்
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு
ஜபம் போல மூன்று தடவை.
காயிலில் பொறி இருக்கிறது.
பிளக்குக்கு வந்து சேரவில்லை.
"நடுவில் எவனோ வாங்கிக்கொள்கிறான்" என்றேன்.
செக்போஸ்ட் வாசலில் சொல்லியிருக்கக் கூடாது.
கான்ஸ்டபிள் இசக்கியம்மாள்
வாயைப் பொத்திச் சிரித்தாள்.

சிமெண்ட் லாரியிலிருந்து சுகுணன் இறங்கி வந்தார்,
புனலூர்க்காரர், கைலியை மடித்துக் கட்டியபடி.
என் டார்ச்சை வாங்கி அணைத்தார்.
"வெளிச்சத்துல காணாது சேச்சி. இருட்டு வேணம்."
லாரி லாரியாகக் கதவைத் தட்டிக்கொண்டே போனார்.
ஹெட்லைட்டுகள் ஒவ்வொன்றாக அவிந்தன.
கடைசியாக இசக்கியம்மாள்
"ரெண்டு நிமிஷம்தான்" என்று யாரிடமோ சொல்லிக்
குழல்விளக்கையும் அணைத்தாள்.

இரண்டு மாநிலத்துக்கும் நடுவே அப்படி ஓர் இருட்டு.
மழைச் சத்தம் பெரிதானது.
சாவி சுகுணன் கையில். கண் என்னுடையது.
திருப்பினார்.

மூன்றுக்கும் நான்குக்கும் இடையில்
மூடியின் தோளில்
நீலமாக ஒரு நூல் ஓடியது.
மறுபடி.
மறுபடி.
பகலில் நான் ஏழு முறை துடைத்த இடம்.
மயிரிழை கூட இல்லாத கீறல்,
அதில் கரி படிந்து
மின்சாரம் தனக்கென்று போட்டுக்கொண்ட சந்து.

பிளேடால் சுரண்டி எடுத்தேன்.
மேலே பூச ஏதாவது வேண்டும், ஈரம் ஏறாதது.
சுகுணன் கையை விரித்தார்.
இசக்கியம்மாள் இருட்டிலேயே பையைத் துழாவினாள்.
நெயில் பாலிஷ். அரக்கு நிறம்.
யூனிஃபார்மில் போடக் கூடாதாம்.
லீவில் ஊருக்குப் போகும்போது
பஸ்ஸிலேயே போட்டுக்கொள்வாளாம்,
பள்ளம் வந்தால் விரலெல்லாம் அப்பிக்கொள்ளுமாம்.

இரண்டு பூச்சு.
மூன்று பேரும் மாறி மாறி ஊதினோம்.
மாட்டினேன்.
நாலு சிலிண்டரும் ஒரே குரலில் பேசின.
பின்னால் விளக்குகள் எரிந்தன,
ஹாரன்கள் விட்ட இடத்திலிருந்து திட்டின.

கியர் போடும்போது ஜன்னலைத் தட்டினாள்:
"வண்டி நம்பர் எழுதணும்க்கா.
அந்தப் பாட்டிலையும் குடுங்க.
மூடியை நல்லாத் திருகினீங்களா?
காஞ்சிரும்."