கடைசிக் காட்சியிலிருந்து

மாதம் மூன்று டாலர் கூட்டியிருக்கிறோம்
உங்கள் அனுபவத்தை மேலும் செழுமையாக்க,
என்று மின்னஞ்சல் வந்த இரவில்தான்
விளம்பரமும் வந்தது.
சொந்தக் காசில் சூனியம்.

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி உறைந்து கிடக்கிறது.
இரும்புத்தாது ஏற்றும் கப்பல்கள்
மார்ச் கடைசிவரை துறைமுகத்தில் படுத்திருக்கும்.
மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்ந்தவள்,
நான் தாது மேடையில் வேலை பார்த்து ஓய்ந்தவன்.
அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே சோபா, ஒரே கம்பளி.
வேறென்ன செய்வது.

கொலைகாரன் கதவைத் திறக்கிறான்.
கதவுக்குப் பின்னால்
ஒரு தம்பதி நாயோடு கடற்கரையில் நடக்கிறார்கள்.
மூட்டுவலி மாத்திரை.
அவர்கள் சிரிக்கச் சிரிக்க
ஒரு குரல் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறது:
தலைசுற்றல், குமட்டல், ஈரல் கோளாறு,
அரிதாகச் சிலருக்கு மரணம்.
நாய் வாலாட்டுகிறது.

போன் போட்டுக் கேட்டேன்.
விளம்பரமே வராத திட்டம் இருக்கிறது சார்,
இன்னும் ஒன்பது டாலர்தான் என்றாள் ஒருத்தி.
அப்போது இதுவரை கட்டியது எதற்கு?
கொஞ்ச நேரம் இசை கேட்டது.

முதலில் சத்தத்தை அடைத்தோம்.
பிறகு மார்லிஸ்
பாத்திரம் துடைக்கும் துண்டைத் திரைமேல் போட்டாள்.
துண்டுக்குள்ளிருந்து நீலமும் மஞ்சளுமாக
விற்றுக்கொண்டேயிருந்தார்கள்.
எதிர்வீட்டு ஹவிஸ்டோவின் பையன்
தீப்பெட்டி அளவில் எதையோ சொருகிவிட்டுப் போனான்.
விளம்பரம் நின்றது,
கூடவே படமும் நின்றது.
நாங்கள் ஒளிவதைக் கண்டுபிடித்துவிட்டதாம்.
கறுத்த திரையில் எங்கள் இரண்டு முகம்.
இதற்கு அந்த நாயே தேவலை.

தந்திரம் மார்லிஸுடையது.
படத்தை நேரே கடைசிக்கு ஓட்டு.
பெயர்கள் ஏறத் தொடங்கும்வரை பொறு.
மறுபடி தொடக்கத்துக்கு வா.
பார்த்துத் தீர்த்தவர்கள் என்று கணக்கெழுதிக்கொண்டு
எங்களை அது விட்டுவிடும்.
முடிவு மட்டும் தெரிந்துபோகும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க
பிணமாகப் பார்த்த பெண்ணைத்தான்
கல்யாணத்தில் ஆடப் பார்த்தோம்.
எவன் ஏமாற்றுவான் என்று தெரிந்தே
அவன் கைகுலுக்குவதைப் பார்த்தோம்.
"அந்தக் காரில் ஏறாதேடி, மடச்சி"
என்பாள் மார்லிஸ்.
ஏறுவாள்.
கெட்ட பழக்கம்தான்.
ஆனால், சாகப்போகிறவர்கள் காபி கலக்குவதை
அத்தனை கவனமாக
அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை
எங்கள் கடைக்குட்டி கோர்டனை
ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.
ஈரலில் ஏதோ.
ஒரு துணுக்கு எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.
வியாழன் சொல்வார்களாம்.

புதன் இரவு வழக்கம்போல
கடைசிக்கு ஓட்டப் போனேன்.
ரிமோட்டைப் பிடுங்கினாள்.
"இன்றைக்கு வேண்டாம்.
அது பாட்டுக்கு வரட்டும்."

வந்தது.
பன்னிரண்டாம் நிமிடம்
ஒருத்தி கடிதத்தைப் பிரிக்கப் போகையில்
அதே தம்பதி, அதே நாய்.
மார்லிஸ் சத்தத்தை அடைக்கவில்லை.
துண்டைத் தேடவில்லை.
கைகளை மடியில் வைத்து
வகுப்பில் பேர் கூப்பிடுவதைக் கேட்கிற பிள்ளைபோல்
கேட்டாள்.
தலைசுற்றல், குமட்டல், ஈரல்...
"நாய்க்கு என்ன வயசிருக்கும்?"
ஏழு இருக்கும் என்றேன்.

திரை மூலையில் வெள்ளை வட்டம்
கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது.
இன்னும் நாற்பது நொடி.
பனி வாரும் வண்டியொன்று எங்கள் தெருவில் திரும்பி
மஞ்சள் வெளிச்சத்தைச் சுவரில் சுழற்றிவிட்டுப் போனது.
இருபது.
அவசரமில்லை என்றாள்
யாரிடமோ.

கடிதம் இன்னும்
பிரிபடவில்லை.