நாரை மார்க்

ஆறு ஹாக்கி மட்டை. ஒன்று எழுநூற்று ஐம்பது.
கிளப் பணம். ரசீது என் பர்ஸில்.
யாரும் கேள்விப்படாத கம்பெனி,
ஒற்றைக்காலில் நிற்கும் நாரை ஸ்டிக்கர்.

"கை எரியுது" என்றான் ரெமிஜியுஸ்,
ஐஸ் பெட்டி தூக்கும் கையை விரித்துப் பார்த்தபடி.
"கனம் முழுக்கக் கீழே. துடுப்புப் போடுறாப்ல இருக்கு."
செய்யது இபுராகிமுக்கோ அதுதான் பிடித்தது:
"பந்து சொன்ன இடத்துல நிக்குதுல்ல."
பூவலிங்கம் ரிவர்ஸில் ஒன்று அடித்துப் பார்த்து
"விறகு" என்றான்.
கோலி சகாயம் வாய் திறக்கவில்லை.
அவன் மட்டை மட்டும் பழசு.

மண்டபத்தில் மைதானம் என்றால்
பாதி மணல், பாதி உப்பு, நடுவே ஆட்டுத்தடம்.
கச்சான் வீசினால் அடித்த பந்து
அடித்தவனையே தேடி வரும்.
எந்த மட்டையைக் குறை சொல்ல?

ஒரு மாதம் திட்டினார்கள்.
கம்பெனிக்கு எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன். அனுப்பவில்லை.
அதற்குள் உப்புக்காற்று ஸ்டிக்கரைத் தின்றிருந்தது,
நாரையில் கால் மட்டும் மிச்சம்.

பரமக்குடிக்காரர்களிடம் தோற்ற சாயங்காலம்
அவர்கள் கேப்டன் வந்து
ரெமிஜியுஸின் மட்டையைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
எங்களுடைய ஒரே கோல் அதிலிருந்து போனது.
"என்ன மேக்ண்ணே? எங்க கிடைக்கும்?"

பூவலிங்கம் கடலைப் பார்த்தான்.
செய்யது குனிந்து
அவிழாத லேஸை அவிழ்த்துக் கட்டினான்.
ரெமிஜியுஸ் மட்டையை மெல்லத் திரும்ப வாங்கி,
நாரைக்காலைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு,
"இப்பல்லாம் வர்றதில்ல தம்பி" என்றான்.

நான் பர்ஸை
இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன்.